வாரண்டி முடிந்தபின் தோட்ட நாற்காலி துருப்பிடித்தால்: சேலம், ஏற்காடு வாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

மொட்டை மாடி, போர்ட்டிகோ, தோட்டம் என்று வெளியில் போடுவதற்காகவே வாங்கிய நாற்காலி செட் இரண்டு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கிறது, பின்னல் பொடிந்து உதிர்கிறது. கடையில் கேட்டால் "வாரண்டி முடிஞ்சு போச்சு சார்" என்ற ஒரே பதில்தான். பெரும்பாலானவர்கள் அதோடு திரும்பிவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் மறுநாளே வக்கீலைப் பார்க்கப் போகிறார்கள். இரண்டுமே தேவையில்லை.

வாரண்டி என்பது கம்பெனி தானாக முன்வந்து தரும் கூடுதல் வாக்குறுதி. விற்ற பொருள் விற்ற நாளில் தரமானதாக இருந்திருக்க வேண்டும் என்பது சட்டம் கேட்பது. முன்னதற்குத் தேதி முடிந்தாலும் பின்னது கூடவே முடிந்துவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, "குறை" என்பதற்குத் தரும் விளக்கத்தில், வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ உள்ள ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரம், விற்பவர் சொல்லி விற்ற தரம் இரண்டும் அடங்கும். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவும் இதையே வேறு வகையில் சொல்கிறது: எதற்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயனுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும்.

அதற்காக வெளியில் கிடந்து பழசானதெல்லாம் குறை ஆகிவிடாது. கீழே உள்ள வேலை பெரும்பாலும் அந்த வித்தியாசத்தைக் காட்டி நிறுவுவதுதான். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். புகார் தோற்பது பல நேரம் வரிசை கெடுவதால்தான்.

1. முதல் வேலை: எதையும் சரிசெய்யாதீர்கள்

துருவைக் கண்டதும் உப்புத்தாளால் தேய்த்து ஒரு கோட் பெயின்ட் அடிப்பது எல்லோரும் செய்வது. வழக்கு அங்கேயே பாதி போய்விடுகிறது. துரு பூச்சுக்கு அடியிலிருந்து வந்ததா, மேலே கீறல் விழுந்து வந்ததா என்பதற்கு அந்த இடம் ஒன்றுதான் சாட்சி. தேய்த்தபின் அதை யாராலும் சொல்ல முடியாது. "வாடிக்கையாளரே பிரித்து மேய்ந்துவிட்டார்" என்று கடைக்காரர் எழுதவும் வழி கிடைக்கும்.

பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முதலில் முழு நாற்காலி, பிறகு கெட்ட பகுதி, பிறகு அதே பகுதி பக்கத்தில் ஒரு ஸ்கேலோடு. நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கம், கால் முனை, வெல்டிங் மூட்டு, ஸ்க்ரூ துளை ஆகியவற்றையும் எடுக்க வேண்டும். அடிப்பக்கத்தில் கம்பெனி ஸ்டிக்கர், மாடல் எண் இருந்தால் அதைத் தெளிவாக எடுங்கள். வெயிலில் முதலில் அழிந்துபோவது அந்த ஸ்டிக்கர்தான்.

நாற்காலி வழக்கமாகக் கிடக்கும் இடத்தையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூரைக்குக் கீழா, திறந்த வெளியா, எந்தத் திசை வெயில் என்பது பின்னால் கேட்கப்படும். உதிர்ந்த பின்னல் துண்டு, உரிந்து வந்த பூச்சுச் செதில் இரண்டையும் கவரில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

ஊஞ்சல், தொங்கு நாற்காலி என்றால் இன்னொன்று: கொக்கியிலோ சங்கிலியிலோ துரு தெரிந்தால் உட்காருவதை அன்றே நிறுத்துங்கள். கெட்டது தெரிந்தும் பயன்படுத்தி விழுந்தால், காயத்துக்கான இழப்பீட்டில் பழி உங்கள் பக்கம் சாயும்.

2. கையில் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

பில், வாரண்டி அட்டை, டெலிவரி சீட்டு, பணம் கட்டிய அத்தாட்சி, கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம். இந்த ஆறும் இருந்தால் நல்லது. எல்லாம் இருப்பது அரிது.

உள்ளூரில் "எஸ்டிமேட்" என்று ஒரு துண்டுச் சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பும் கடைகள் உண்டு. பில் இல்லை என்பதற்காகப் பின்வாங்க வேண்டாம். யுபிஐ பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கு விவரம், "நாளைக்கு வண்டில அனுப்பிடறோம்" என்ற வாட்ஸ்அப் செய்தி, இவை சேர்ந்தாலே வாங்கியதை நிறுவலாம். சொல்லப்போனால், பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை.

இருப்பதிலேயே மதிப்பு மிக்கது விளம்பரம். "எல்லா வானிலைக்கும் ஏற்றது", "துருவே பிடிக்காது", "அசல் தேக்கு", "304 கிரேடு" (எவர்சில்வரின் ஒரு தரம்) போன்ற வாசகம் இணையப் பக்கத்திலோ கேட்லாக்கிலோ இருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன பிறகு அந்தப் பக்கம் மாறிவிடலாம். முகவரி வரியும் தேதியும் படத்தில் தெரிய வேண்டும்.

வாட்ஸ்அப்பில் செய்திகள் தானாக மறையும் அமைப்பு போட்டிருந்தால் இப்போதே அணையுங்கள்.

3. தேய்மானமா, குறையா? பொருள்வாரியாகப் பார்ப்பது

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். புகார் போகும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "இது விற்ற நாளிலேயே உள்ளே இருந்த குறை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும். நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது.

*இரும்புப் பைப், பவுடர் கோட்டிங்.* நிறம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மங்கினால் தேய்மானம். காலைத் தரையில் இழுத்து இழுத்து முனை மட்டும் துருப்பிடித்தாலும் அப்படித்தான். பூச்சு கொப்புளம் போல எழும்பி, நகத்தால் தொட்டாலே செதில் செதிலாக உரிந்து, அடியில் துரு பரவியிருந்தால் கதை வேறு. பூசுவதற்கு முன் இரும்பை எண்ணெய், துரு போகக் கழுவி பாஸ்பேட் குளியல் கொடுக்க வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் பூச்சு பிடிக்காது. வெல்டிங் மூட்டில் மட்டும் வரிசையாகத் துரு எழும்பினாலும், வெல்டிங் கசடை எடுக்காமல் மேலே பூசியிருக்கலாம் என்பதற்கு அறிகுறி.

பைப்பின் உள்ளிருந்து, ஸ்க்ரூ துளை வழியாகப் பழுப்புத் தண்ணீர் வடிகிறதா பாருங்கள். உள்ளே போன தண்ணீர் வெளியேற அடியில் துளை இல்லை என்றால், வெளியே பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் பைப் உள்ளிருந்தே அரிக்கும். வெளியில் போடுவதற்கென்று விற்ற பொருளில் இது வடிவமைப்புக் குறை. ஏற்காட்டில் மழையே பெய்யாத நாளிலும் பனிமூட்டம் ராத்திரியெல்லாம் பைப்பை நனைத்துவிடும் என்பதால் இந்தக் குறை அங்கே சீக்கிரம் வெளிப்படுகிறது.

*அலுமினியம்.* காந்தத்தை எடுத்து ஒட்டிப் பாருங்கள். அலுமினியத்தில் ஒட்டாது, அலுமினியத்துக்குச் செந்நிறத் துருவும் வராது. "முழு அலுமினியம்" என்று விற்ற செட்டில் காந்தம் ஒட்டினாலோ செந்துரு தெரிந்தாலோ அந்த இடம் இரும்பு. இருப்பதிலேயே எளிதான வழக்கு இதுதான். தரத்தைப் பற்றி வாதாடவே வேண்டாம், சொன்ன பொருளைத் தரவில்லை என்பதே போதும்.

*எவர்சில்வர்.* இதற்குக் காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். 304-லும் ஒட்டாது, மலிவான 202-லும் பெரும்பாலும் ஒட்டாது. 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். வெளியில் போட்டால் பழுப்புப் புள்ளிகள் சீக்கிரம் வரும். மாங்கனீஸைக் காட்டும் சொட்டுத் திரவம் இருக்கிறது. எவர்சில்வர் மேல் அதில் ஒரு சொட்டு விட்டுச் சின்ன பேட்டரியைத் தொட வைத்தால் 202-இல் சிவப்பு நிறம் வரும், 304-இல் வராது. சேலத்தில் எவர்சில்வர் பழைய சரக்கு வாங்கும் வியாபாரிகள் பலரிடம் இது இருக்கும். இரும்பாலை உள்ள ஊரில் இந்தச் சோதனைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் இது உங்கள் தெளிவுக்கு மட்டும். ஆணையத்துக்கு ஆய்வக அறிக்கைதான் வேண்டும்.

*பிளாஸ்டிக் பிரம்புப் பின்னல்.* வெயில் படும் பக்கம் மட்டும் இழைகள் விறைத்து, வளைத்தால் பட்டென்று ஒடிகின்றன, நிழல் பக்கத்து இழை இன்னும் வளைந்து கொடுக்கிறது என்றால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மம் போதுமான அளவு சேர்க்கப்படவில்லை என்று வலுவாக வாதிடலாம். இரண்டு பக்கத்து இழையையும் எடுத்து வளைத்துக் காட்டும் வீடியோ பல பக்க வாதத்தைவிட நன்றாகப் பேசும். பின்னலின் நுனி, பின் அடித்த இடத்திலேயே வரிசையாகக் கழன்றால் அது வேலைப்பாட்டுக் குறை. இழை நடுவில் கடித்துக் குதறியது போல இருந்தால் எலியோ பூனையோ, மலை மேலே என்றால் குரங்கோ. குரங்கு கிழித்த மெத்தைக்கெல்லாம் எந்தக் கம்பெனியும் பொறுப்பில்லை.

*மரம்.* தேக்கு வெளியில் கிடந்தால் சாம்பல் நிறமாக மாறும். அது குறை அல்ல. ரேகை ஓடும் வாக்கில் மயிரிழை வெடிப்பும் சகஜம். பார்க்க வேண்டியது மரத்தின் வெள்ளைப் பகுதி. வைரம் பாய்ந்த கட்டைக்கும் வெளிறிய ஓரக் கட்டைக்கும் ஆயுளில் பெரிய வித்தியாசம் உண்டு. வெளிறிய பட்டையில் மட்டும் குண்டூசித் துளைகளும் மாவு போன்ற பொடியும் இருந்தால், மருந்து ஏற்றாத வெள்ளைக் கட்டையைச் சேர்த்திருக்கிறார்கள். ரப்பர் மரத்தையோ மாமரத்தையோ சாயம் ஏற்றி "வெளிப்புறத்துக்கு ஏற்றது" என்று விற்றிருந்தால் அதுவும் குறைதான்.

*மோல்டட் பிளாஸ்டிக்.* தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டுவது வெயிலால் மேற்பரப்பு சிதைவதன் அடையாளம். உட்காரும்போது கால் ஒடிந்தால், ஒடிந்த முகத்தில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள்.

மெத்தை, உறை, குடைத் துணி மூன்றுக்காகவும் தனியாக வழக்குப் போடாதீர்கள். நிறம் மங்கியது என்பதை வைத்து ஜெயிப்பது கடினம்.

எதிர்த்தரப்பு சொல்லப்போகும் காரணத்தையும் இப்போதே யோசித்து வைக்க வேண்டும். சமவெளியில் அது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். செடிக்குத் தண்ணீர் விடும் குழாய் நாற்காலியிலும் பட்டு, காய்ந்து, வெள்ளைப் படிவம் இருந்தால் "உப்புத் தண்ணீர் அரித்தது" என்பார்கள். படிவமே இல்லாத இடத்திலும் அதே மாதிரி பூச்சு உரிந்திருப்பதைப் படம் எடுத்தால் அந்த வாதம் நிற்காது. மலைமேல் சில்வர் ஓக் சருகு இருக்கையில் குவிந்து ஈரம் காயாமல் கிடந்திருந்தால், பராமரிப்பில்லை என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம் என்பதால் நேர்மையாகக் கணக்கிடுங்கள்.

4. வாரண்டி அட்டையை வரி வரியாகப் படியுங்கள்

"ஒரு வருட வாரண்டி" என்று மனதில் பதிந்திருக்கும். அட்டையில் பின்னலுக்கு 1 வருடம், ஃபிரேமுக்கு 3 வருடம் என்று தனித்தனியாக இருக்கலாம். ஃபிரேம்தான் போயிருக்கிறது என்றால் வாரண்டியே இன்னும் முடியவில்லை. இதைப் பார்க்காமலே கடையோடு சண்டை போடுபவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, வாரண்டிக் காலத்துக்குள் எப்போதாவது புகார் சொன்னீர்களா? "ஆள் அனுப்பறோம்" என்று இழுத்தடித்தே தேதியைத் தாண்ட வைப்பது பழைய வித்தை. அந்த முதல் செய்தியைத் தேடி எடுங்கள். வாரண்டிக்குள் சொன்ன குறை வாரண்டிக்குள் வந்த குறைதான்.

மூன்றாவதாக விலக்கு வாசகங்கள். வெளிப்புறத்துக்கென்று விற்றுவிட்டு, "திறந்த வெளியில் வெயில் மழை பட்டால் வாரண்டி செல்லாது" என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தால் அதை அடிக்கோடிடுங்கள். விளம்பரத்தையும் அந்த வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே முரண் தெரியும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற ரப்பர் ஸ்டாம்ப் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பிலிருந்து கடையைக் காப்பாற்றாது.

5. நாள் கணக்கு

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆம் பிரிவின்படி, புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் ஆணையத்தில் மனு செய்ய வேண்டும். சிக்கல் "காரணம் எழுந்த நாள்" எது என்பதில்.

ஓர் உதாரணம். 2024 ஜூன் 10-இல் வாங்கினீர்கள், வாரண்டி 2025 ஜூன் 9 வரை. பூச்சு உரிவதை 2025 நவம்பர் 20-இல் பார்த்தீர்கள். குறை மறைந்திருந்தது, தெரிந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்றால் 2027 நவம்பர் வரை நேரம் உண்டு. வாங்கிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அப்படியானால் 2026 ஜூனோடு முடிகிறது. முடிந்தால் குறுகிய கணக்குக்குள்ளேயே மனு செய்துவிடுங்கள். அது தாண்டிவிட்டால், மறைந்த குறை என்ற வாதத்தோடு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் காரணம் எழுதிச் சேர்த்துப் போடுங்கள். போதிய காரணம் இருந்தால் ஏற்க 69-ஆம் பிரிவே இடம் தருகிறது.

கடைக்குக் கடிதம் எழுதுவதாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவதாலோ இந்த 2 வருடம் நீளாது. பதில் வரும் என்று காத்திருந்தே காலம் போய்விடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

6. ஹோம்ஸ்டே, விடுதி நடத்துபவர்களுக்கு

ஏற்காட்டில் இது தனிப் பிரச்சினை. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காக மட்டும் நடத்துபவருக்கு விலக்கு உண்டு. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம், ஒவ்வொரு வழக்கின் விவரத்தையும் வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும் என்பது. குடும்பமே சேர்ந்து இரண்டு அறையை வாடகைக்கு விடுவதற்கும், ஆட்களை வைத்து முப்பது அறை ரிசார்ட் நடத்துவதற்கும் பதில் வேறுவேறாக வரும்.

பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் போட்டு உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்திருந்தால், வணிகக் கொள்முதல் என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்தது போல. அந்த நிலையில் நுகர்வோர் ஆணையத்தில் ஒரு வருடம் கழித்து "நீங்கள் நுகர்வோரே அல்ல" என்ற உத்தரவு வாங்குவதைவிட, சரக்கு விற்பனைச் சட்டப்படி உரிமையியல் நீதிமன்றம் போவதே மேல். அங்கே கால வரம்பு 3 வருடம். பொருள் கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடும் என்பதால் தாமதிக்க வேண்டாம். இதற்கு வக்கீல் தேவைப்படும்.

வீட்டுக்காக வாங்கியவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஒன்று மட்டும்: பில் அண்ணன் பெயரில், பயன்படுத்துவது நீங்கள் என்றாலும் பரவாயில்லை. வாங்கியவரின் ஒப்புதலோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான்.

7. மூன்றாம் ஆள் எழுதிய அறிக்கை

உங்கள் படம் மட்டும் போதாது. தொழில் தெரிந்த, அந்தக் கடையோடு சம்பந்தமில்லாத ஒருவர் பார்த்து எழுத வேண்டும். இரும்பு என்றால் பவுடர் கோட்டிங் பட்டறை, மரம் என்றால் அனுபவமுள்ள ஆசாரி.

அவர் எழுத வேண்டியது, "சரக்கு மட்டம்" என்பதல்ல. பார்த்த தேதி, பொருளின் அடையாளம், எந்த இடத்தில் என்ன கண்டார், அதற்கு என்ன காரணம் என்று கருதுகிறார், சரிசெய்ய எவ்வளவு ஆகும். இந்த ஐந்தும், பட்டறையின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு. பூச்சின் தடிமனை அளக்கும் மீட்டர் இருந்தால், நல்ல இடத்தில் மூன்று, கெட்ட இடத்துக்குப் பக்கத்தில் மூன்று என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். பவுடர் கோட்டிங்குக்கு 60 முதல் 80 மைக்ரான் வழக்கமான அளவு. 30, 35 என்று வந்தால் அந்த எண்ணே பேசும்.

எழுதித்தரப் பலர் தயங்குவார்கள். "கோர்ட்டுக்கெல்லாம் வரமாட்டேன்" என்பார்கள். ரிப்பேருக்கான கொட்டேஷனாகக் கேளுங்கள். அதிலேயே காரணத்தை ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

8. கடைக்கும் கம்பெனிக்கும் கடிதம்

போனில் பேசியது எதற்கும் உதவாது. எழுதுங்கள். விற்ற கடை, தயாரித்த கம்பெனி, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர், இவர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதம். கடையை மட்டும் கேட்டால் கம்பெனியைக் கைகாட்டும், கம்பெனி கடையைக் கைகாட்டும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இப்படி எழுதலாம்:

"2024 ஜூன் 10 அன்று உங்கள் கடையில் வெளிப்புற நாற்காலி 4, மேசை 1 கொண்ட செட்டை ரூ. 42,000-க்கு வாங்கினேன். எல்லா வானிலைக்கும் ஏற்றது என்று உங்கள் கேட்லாக்கில் உள்ளது. 2025 நவம்பர் 20 அன்று மூன்று நாற்காலிகளில் வெல்டிங் மூட்டுகளில் பூச்சு கொப்புளித்து உரிந்திருப்பதைக் கண்டேன். பூசுவதற்கு முந்தைய சுத்திகரிப்பு சரியில்லாததே காரணம் என்று பட்டறை அறிக்கை கூறுகிறது. இது பயன்பாட்டால் வந்த தேய்மானம் அல்ல, தயாரிப்பிலேயே இருந்த குறை. கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் அந்தச் செட்டை மாற்றித் தரவும், அல்லது ரூ. 28,000 திருப்பித் தரவும் கோருகிறேன். தவறினால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவேன்."

அந்த 28,000 எப்படி வந்தது? இப்படிப்பட்ட செட்டுக்கு நியாயமான ஆயுள் 5 வருடம், அதாவது 60 மாதம் என்று வைத்துக்கொண்டால், கடிதம் எழுதும் நாளில் 20 மாதம் பயன்படுத்தியாகிவிட்டது. மீதி 40 மாதத்துக்கான பங்கு 42,000-இல் மூன்றில் இரண்டு. இப்படிக் கணக்கிட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. ஆனால் பயன்படுத்திய காலத்தைக் கழித்துக் கேட்பவரின் கோரிக்கையை மறுப்பது கடினம். முழு விலையும், மன உளைச்சலுக்கு 5 லட்சமும் என்று ஆரம்பித்தால் கடை பேசவே வராது.

ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

இந்தக் கட்டத்தில் வழுக்கும் இடங்கள் இரண்டு. "நாற்காலியைக் கொண்டு வந்து போடுங்க, பார்க்கறோம்" என்றால், பொருளின் நிலையைக் குறிப்பிட்டு எழுதிய ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் ஆதாரம் அவர்கள் குடோனில். அடுத்தது, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் கூப்பனைக் கொடுத்து "முழுத் தீர்வு பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குவது. அந்த வரி இருந்தால் தொகை உங்களுக்குச் சம்மதமானால் மட்டும் கையெழுத்திடுங்கள்.

9. 1915, குறைதீர் அலுவலர்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். உத்தரவு போடும் அதிகாரம் இவர்களுக்கு இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெரிய பிராண்டுகளும் இணைய விற்பனைத் தளங்களும் இதற்குப் பதில் தருவதுண்டு, சிறு கடைகளிடம் பலன் குறைவு.

இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

10. சேலம் மாவட்ட ஆணையத்தில் மனு

பில்லில் "வழக்குகள் பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை" என்று இருந்தாலும் கவலை வேண்டாம். 34-ஆம் பிரிவின்படி புகார்தாரர் குடியிருக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே மனு செய்யலாம். ஏற்காடும் சேலம் மாவட்டம்தான் என்பதால் இரண்டு இடத்தவருக்கும் ஆணையம் ஒன்றே.

கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான் இந்தக் கணக்கு. விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. மனுவை நேரில் தரலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையத் தளத்திலும் பதிவேற்றலாம். வக்கீல் கட்டாயமில்லை.

மனுக் கோப்பில் இருக்க வேண்டியவை வரிசையாக: பொருளடக்கம், தேதிவாரிப் பட்டியல், தரப்பினர் பெயர் முகவரி, புகார் மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள். தேதிவாரிப் பட்டியலை முதலில் எழுதுங்கள். அதை எழுதும்போதே எந்த ஆவணம் குறைகிறது என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் அச்சுப்படிகளுக்கு பாரதிய சாட்சிய அதிநியம் (சாட்சியச் சட்டம்), 2023-இன் 63-ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுகளுக்குத் தரும் சான்றைச் சேர்ப்பது பாதுகாப்பு.

மனுவில் "வாரண்டி மறுக்கப்பட்டது" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவது பெரிய தவறு. வாரண்டிதான் முடிந்துவிட்டதே என்று அங்கேயே முடித்துவிடுவார்கள். மூன்று காரணங்களையும் தனித்தனியாக எழுதுங்கள்: விற்ற நாளிலேயே இருந்த குறை, வெளிப்புறத்துக்கு ஏற்றது என்ற பொய்யான வாசகம், புகாருக்குப் பதில் தராத சேவைக் குறைபாடு. ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும்.

பொருள்தான் கேள்வியே என்றால், 38-ஆம் பிரிவின்படி ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரும் மனுவையும் கூடவே போடுங்கள். மாதிரியை முத்திரையிட்டு அனுப்புவது ஆணையம். அறிக்கைக்குப் பொதுவாக 45 நாள். ஆய்வுக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்பதால், நாற்காலி ஒன்றின் விலை 3,000 ரூபாய் என்றால் இதில் இறங்குவது நஷ்டம்.

11. மனுவுக்குப் பிறகு

ஏற்பதா என்பதை 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், கூடுதலாக 15 நாள் வரை கிடைக்கும், அதற்கு மேல் இல்லை. வழக்கை 3 மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள்.

சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காமல் போங்கள். இந்த அளவுத் தொகைகளுக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால் அங்கேயே முடிப்பது லாபம் என்பது எங்கள் கருத்து.

உத்தரவு பாதகமாக வந்தால் 45 நாளுக்குள் சென்னையில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு. கடை மேல்முறையீடு செய்தால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் செய்ய முடியும். சாதகமான உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால் 71-ஆம் பிரிவில் நிறைவேற்று மனு, 72-ஆம் பிரிவில் தண்டனைக்கான மனு. பின்னதில் ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இந்த மனுவின் நோட்டீஸ் போனதுமே காசோலை வந்துவிடுவது வழக்கம்.

அதுவரை அந்த நாற்காலிகளைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறுக என்று உத்தரவு வரலாம். கொடுக்கும் நாளில் எத்தனை உருப்படி என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டே கொடுங்கள்.